மோதிர விரல் நகரும் இடம்

பம்பாய், பைகுலா
12-6-1961

அன்புள்ள அண்ணிக்கு,

கிளமென்ட் எழுதுவது. மாதா கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு வேளையாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அண்ணன் போய் இரண்டரை மாதம் ஆகிறது. தந்தி எனக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது என்று அப்போதே எழுதியிருந்தேன். முப்பதாம் நாள் பூசைக்காவது வந்திருக்க வேண்டும். ஓட்டலில் லீவு தரவில்லை. கோபம் இருந்தால் கடிதத்திலேயே திட்டிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் ஓட்டல் பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கிறவர் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியா போகிறார். இதுவரை சோலோ எல்லாம் அவர்தான். இனி கிட்டாரில் நான் எடுக்க வேண்டும் என்று பேண்டு மாஸ்டர் சொல்லிவிட்டார். அண்ணன் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் செய்ததேதான். பாட்டு ஒரு சுற்று முடிந்ததும் பாடுகிறவர் நிறுத்துவார். மற்றவர்கள் கார்டுகளை, நாம் பிடி என்போமே, அவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க, ஒருத்தன் அதன்மேல் அந்த நிமிஷம் தோன்றுவதை வாசிக்க வேண்டும். பிடி மாறினால் அவன் பாட்டும் மாற வேண்டும். ஆறு வருஷமாக நான் பிடி மட்டும் போட்டவன். ஈஸ்டர் டான்ஸில் ஒரு தடவை என்னைக் கை காட்டினார். விரல் மரத்துப் போய்விட்டது. அன்றிலிருந்து அப்படியேதான். டிசம்பர் 31 ராத்திரி வரை தவணை. அன்றைக்கும் வரவில்லை என்றால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவான்.

அண்ணன் ஏதாவது நோட்டு எழுதி வைத்திருந்தால் அனுப்புங்கள். அங்கே டிரம் வாசிக்கிற அற்புதசாமி அண்ணனுக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது. அவரிடம் அண்ணன் கிட்டாரையும் கொடுத்துவிடுங்கள். அங்கே சும்மாதானே கிடக்கும்.

உங்கள் சுகம் கேட்டுக் காத்திருக்கும்,
கிளமென்ட்


பொன்மலை, ரயில்வே காலனி
2-7-1961

தம்பி கிளமென்டுக்கு அண்ணி எழுதினது. சுகமா இருக்கேன். சாப்பிடுறேன். நீங்களும் ஓட்டல் சாப்பாட்டோட நில்லாம வாரத்துல ஒரு நாள் எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க. நான் மூணாங்கிளாஸ் படிச்சவ. எழுத்துப் பிழையைப் பாக்காதீங்க.

தந்தி திங்கட்கிழமை கிடைச்சதுன்னு எழுதியிருந்தீங்க. சரி.

நீங்க கேக்கலை, ஆனாலும் சொல்லணும். மஞ்சள் காமாலை பதினாறு நாள். பெரிய வெள்ளி காலையில முதல் சங்கு ஊதுறப்ப போனார். சனிக்கிழமை காலையில அடக்கம். அந்த ரெண்டு நாளும் கோயில்ல பூசையும் கிடையாது, மணியும் அடிக்க மாட்டாங்களாம். மரக்கட்டையைத் தட்டினாங்க. வொர்க்ஷாப் ஆளுங்க நிறைய வந்தாங்க. சாமியாரும் குறையில்லாம செஞ்சார்.

குவார்ட்டர்ஸை ஆகஸ்டுக்குள்ள காலி பண்ணணும். ஸ்ரீரங்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஆயா வேலை கிடைச்சிருக்கு. அங்கேயே ரூம் பாத்திருக்கேன்.

நோட்டு எதுவும் இல்லை. உங்க அண்ணன் எழுதி வச்சு வாசிச்சதே கிடையாது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுன்னு பிடிக்கு எல்லாம் பேர் வச்சுக்கிட்டோம். மூணு விரலும் கம்பியில படிப்படியா இறங்குதே, அது படிக்கட்டு. ரெண்டு விரல் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒண்ணு முன்னால நிக்கிறது ரெட்டைக்காளை. ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கப் போடுறது கட்டை. விரலை விரிச்சுப் பிடிக்கிறது அகலக்கை. அவர் சோலோ பழகுறப்ப நான்தான் உங்க பழைய கிட்டாரை வச்சுக்கிட்டு இந்த நாலையும் போடுவேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். குழம்பு அடிப்பிடிச்ச நாளெல்லாம் உண்டு.

உடம்பைப் பாத்துக்கோங்க.
அண்ணி ராசாத்தி


பம்பாய்
20-7-1961

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நீங்கள் நன்றாக இருப்பதாக எழுதியதை நம்புகிறேன்.

அண்ணன் போன விதத்தை இரண்டு முறை படித்தேன்.

படிக்கட்டு, ரெட்டைக்காளை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பேண்டில் எங்களுக்குள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், பியானோக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "உங்க ஊர்ல சங்கீதமா, சம்சாரமா?" என்று கேட்கிறார்.

அண்ணி, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். பழகும்போது அண்ணன் முதலில் என்ன செய்வார்? எதைப் பார்ப்பார்? உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. கிட்டாரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.

அன்புடன்,
கிளமென்ட்


ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் தெரு
9-9-1961

தம்பிக்கு அண்ணி எழுதினது. உங்க கடிதம் வந்து நாளாச்சு. வீடு மாத்துறதுல கைக்குக் கிடைக்காமப் போச்சு, அரிசிப் பானைக்குள்ள இருந்தது. எனக்கு ஜலதோஷம் தவிர ஒண்ணும் இல்லை. அங்க மழை ஜாஸ்தின்னு பேப்பர்ல போட்டிருந்ததாம். நனையாதீங்க.

அவர் என்ன பாப்பார்னு கேட்டிருந்தீங்க. நான் பாத்ததைச் சொல்றேன். படிக்கட்டுல இருந்து ரெட்டைக்காளைக்குப் போறப்ப மோதிர விரல் ஒண்ணுதான் இடம் மாறும். மத்த ரெண்டும் அப்படியே நிக்கும். பிடிச்சுப் பாருங்க. அந்த மோதிர விரல் புதுசா எந்தக் கம்பியில போய் உட்காருதோ, பிடி மாறுற அந்த நேரத்துக்குச் சோலோவும் அதே இடத்துக்கு வந்து சேரணும். நடுவுல எப்படி வேணா சுத்திட்டு வரலாம். வந்து சேர்ற இடம் தப்பக் கூடாது. தப்பினா, பிடி போடுற எனக்கே உடனே தெரிஞ்சிடும்.

இது எனக்குப் புதுசில்லை. எங்க ஊர் மருங்காபுரிப் பக்கம். எங்க அப்பா மாடு கட்டிக் கமலை இறைப்பார். மாடு பள்ளத்துல இறங்க இறங்கத் தண்ணி நிறைஞ்ச சால் கிணத்துல இருந்து மேலே வரும். அதுக்குள்ள ஒரு அடி பாட்டு கட்டணும். சால் கவிழ்ந்து தண்ணி வாய்க்கால்ல கொட்டுறப்ப அடி முடியணும். மாட்டைப் பத்தி, மழையைப் பத்தி, எங்க அம்மாவை வம்புக்கு இழுத்து, எதையாவது கட்டுவார். முடியாம இழுத்துட்டார்னா எங்க சித்தப்பா வரப்புல இருந்து, "அண்ணே, தண்ணி வயலுக்கே போயிருச்சு, நீ இன்னும் கிணத்துக்குள்ளயே இருக்க"ம்பார். மாட்டைப் பின்னுக்கு நடத்திக் கொண்டு வர்றப்ப அப்பா பாடவே மாட்டார். மூச்சு வாங்குவார்.

பொன்மலையில நான் மாவு ஆட்டுறப்ப அந்த மாதிரி எதையாவது முனகிக்கிட்டு இருப்பேன். உங்க அண்ணன் திண்டுல சாய்ஞ்சு பிடி போட்டுக்கிட்டு இருப்பார். இப்ப பாட வாய் வர்றதில்லை.

வேற விசேஷம் இல்லை. வேளைக்குத் தூங்குங்க.
ராசாத்தி


பம்பாய்
30-9-1961

அன்புள்ள அண்ணிக்கு,

ஜலதோஷம் போய்விட்டதா? சுக்கு தட்டிப் போட்டுக் குடியுங்கள்.

நீங்கள் சொன்னதை வாசித்துப் பார்த்தேன். மோதிர விரல் போகும் இடம் எனக்கும் காதில் விழுகிறது. ஆனால் அது வரை போய்ச் சேர ஒன்றும் தோன்றவில்லை. டான்ஸ் ஹாலில் இருநூறு பேர் சுற்றிக்கொண்டிருக்கும்போது எங்கே தோன்றும்? உங்கள் அப்பாவுக்கு எதிரில் இரண்டு மாடுதானே.

ஒரு உதவி. பொன்மலையில் சனிக்கிழமை டான்ஸில் கடைசியாக விளக்கைக் குறைத்து ஒரு மெதுவான பாட்டு வாசிப்பார்களே, அந்தப் பாட்டை இங்கேயும் வாசிக்கிறோம். அதில் அண்ணன் எடுக்கும் சோலோ உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். எந்தக் கம்பி, எந்தக் கட்டம் என்று வரிசையாக எழுதி அனுப்பிவிடுங்கள். அதையே வாசித்துவிட்டால் பிழைத்தேன்.

கிளமென்ட்


ஸ்ரீரங்கம்
22-10-1961

தம்பிக்கு அண்ணி. ஜலதோஷம் போச்சு. உங்க உடம்பு எப்படி? சுக்கு போட்டுக் குடிச்சேன்.

நீங்க கேட்டதைத் தனித்தாள்ல எழுதியிருக்கேன். கம்பி நம்பர் மேல, கட்டம் நம்பர் கீழ. எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆச்சு. எழுதலாமா வேண்டாமான்னு அஞ்சு நாள் யோசிச்சேன். உங்க அண்ணன் ஒரு சனிக்கிழமை வாசிச்ச மாதிரி மறு சனிக்கிழமை வாசிக்க மாட்டார். இன்ஸ்டிட்யூட்டுக்குள்ள மெம்பர் வீட்டுப் பொம்பளைங்கதான் போகலாம். நான் வெளியே வேப்ப மரத்தடியில நின்னுதான் கேப்பேன். அவர் எங்க தடுமாறுவார்னு அவருக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். இது எந்த ஒரு சனிக்கிழமை வாசிச்சதும் இல்லை. இப்படி வாசிப்பார்னு நான் எழுதினது.

எழுதுறதுக்குச் சத்தம் கேக்கணுமேன்னு கிட்டாரை எடுத்தேன். கம்பிக்கு அடியில துண்டைச் சொருகிட்டுத்தான் வாசிச்சேன். அப்பவும் வீட்டுக்கார இருசம்மாள் அக்கா கதவைத் தட்டிட்டாங்க. "ஏண்டி ராசாத்தி, புருசன் போயி வருசம் திரும்பலை, உள்ளே என்ன ரிக்கார்டு டான்சா?"ன்னாங்க. எங்க கோயில் பூசைக்குப் பழகுறேன் அக்கான்னு பொய் சொன்னேன். முந்தாநாள் திரும்ப வந்து நின்னாங்க. திட்டத்தான் வந்திருக்காங்கன்னு கிட்டாரைக் கீழே வைக்கிறேன், "ரெண்டாவதா ஒண்ணு வருதே, அதை இன்னொரு தரம் வாசி"ன்னாங்க.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்க.
ராசாத்தி


பம்பாய்
15-11-1961

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கக் கூட வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு வாரம் பழகினேன். தூக்கத்திலும் வாசிப்பேன். போன சனிக்கிழமை மாஸ்டர் கை காட்டினார். முதல் இரண்டு பிடி சரியாக வந்தது. அன்றைக்குக் கூட்டம் நன்றாக ஆடிக்கொண்டிருந்ததால் மாஸ்டர் கட்டைக்குப் போகாமல் படிக்கட்டுக்கே திரும்பச் சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார். நான் தலையைக் குனிந்து உங்கள் தாளை மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். நான் கட்டையில், பேண்டு படிக்கட்டில். எட்டு எண்ணும் நேரம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று மேடையைப் பார்த்தார்கள். முடிந்ததும் மாஸ்டர் திட்டவில்லை. "முப்பத்தொன்று" என்று மட்டும் சொன்னார்.

இதையும் எழுதிவிடுகிறேன். தந்தி திங்கட்கிழமை வரவில்லை. சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. ரயில் ஏறினாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஈஸ்டர் டான்ஸ். தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அன்றைக்குத்தான் மாஸ்டர் முதல் தடவை என்னைக் கை காட்டினார். லீவு தரவில்லை என்று எழுதியதும் பொய். நான் கேட்கவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம்.

நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

கிளமென்ட்


ஸ்ரீரங்கம்
18-12-1961

தம்பிக்கு அண்ணி எழுதினது. சுகமா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க, கம்பளி இருக்கா? இங்க ஏகாதசிக் கூட்டம். தெருவுல கால் வைக்க இடம் இல்லை. போஸ்ட் ஆபீசுக்குப் போய்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆச்சு.

பதில் ஒரு மாசம் தள்ளிப் போனது கூட்டத்தால இல்லை.

சனிக்கிழமை தந்தி வந்தது எனக்குத் தெரியும். அற்புதசாமி மே மாசம் பம்பாய் வந்தப்ப உங்க ரூம்ல கூட இருக்கிறவர் அவர்கிட்ட சொல்லியிருக்கார். நீங்களா சொல்வீங்களா மாட்டீங்களான்னு இருந்தேன். சொல்லிட்டீங்க. அது போதும். அந்த ஈஸ்டர் ராத்திரி உங்களுக்கு வாசிக்க ஒண்ணும் வராம இருந்ததே, அது எனக்குக் குறையா தெரியலை. வந்திருந்தாத்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அதை எழுதினது என் தப்பு. நேத்து இறைச்ச தண்ணியை இன்னிக்குப் பாய்ச்ச முடியுமா? தலையைத் தூக்கி வச்சுக்கோங்க. மாஸ்டர் கையைப் பாருங்க. முதல் சுத்துல ஒண்ணும் வாசிக்க வேண்டாம். பிடி மாறுறப்ப மோதிர விரல் போற இடத்துல ஒரே ஒரு கம்பியைத் தட்டுங்க. மறுபடியும் சும்மா இருங்க. அடுத்த மாத்தத்துக்கு ரெண்டு தட்டு. கட்டையில கை மொத்தமும் ஓடும், அங்க வாசிக்காதீங்க. அதுதான் மாட்டைப் பின்னுக்கு நடத்துற நேரம். ஆளுங்க நின்னுடுவாங்களோன்னு பயப்படாதீங்க. அவங்க பிடிக்குத்தான் ஆடுறாங்க, உங்களுக்கு இல்லை.

ஒண்ணுமே வரலைன்னா ஒண்ணும் வரலைன்னு வாசிங்க. எங்க அப்பா பாதி நாள் அதைத்தான் பாடுவார்.

நாற்காலி போனாலும் சாப்பிடாம இருக்காதீங்க.
ராசாத்தி


பம்பாய்
3-1-1962

அன்புள்ள அண்ணிக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நான் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நாற்காலி இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மெதுவான பாட்டு. கை காட்டினார். நான் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். படிக்கட்டு போயிற்று. ரெட்டைக்காளை வந்தபோது ஒரு தட்டு. பியானோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார், போச்சு என்று நினைத்திருப்பார். கட்டையில் மூச்சு வாங்கினேன். அடுத்த சுற்றில் இரண்டு, பிறகு நாலு. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. இந்தத் தடவையும் மாஸ்டர் படிக்கட்டுக்கே திருப்பினார். எனக்குச் சைகை வேண்டியிருக்கவில்லை, டிரம்மிலேயே தெரிந்தது. நானும் திரும்பினேன். ஒருத்தரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஒருத்தரும் மேடையைப் பார்க்கவில்லை. மாஸ்டர் இறங்கும்போது, "இவ்வளவு நாள் இதை எங்கடா வச்சிருந்தே?" என்றார்.

அதைத்தான் நானும் இரண்டு நாளாக யோசிக்கிறேன், அண்ணி. வாசிக்கும்போது இது அண்ணன் வாசிப்பது மாதிரி இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். ரூமுக்கு வந்து படுத்த பிறகு ஞாபகம் வந்தது. அதை நான் அண்ணன் கிட்டாரில் கேட்கவில்லை. பம்பாய்க்கு வருவதற்கு முன் உங்கள் வீட்டில் தங்கியிருந்தேனே, அப்போது பின்கட்டில் ஆட்டுக்கல் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. அண்ணன் பிடி மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவர் வாசித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்ணன் சோலோவெல்லாம் யாருடையது?

கிட்டாரை அனுப்ப வேண்டாம். நான் அதைக் கேட்டே இருக்கக் கூடாது.

உங்கள்,
கிளமென்ட்


ஸ்ரீரங்கம்
21-1-1962

தம்பி கிளமென்டுக்கு அண்ணி எழுதினது. சுகம். பொங்கலுக்கு இருசம்மாள் அக்கா கரும்பு கொடுத்தாங்க, பல் வலிக்குது. அதைத் தவிர ஒண்ணும் இல்லை. நீங்களும் நல்லா இருக்கணும். நாற்காலி இருக்குன்னு படிச்சதும் கடிதத்தை மடிச்சு வச்சுட்டு வேலைக்குப் போனேன். மீதியைச் சாயங்காலம்தான் படிச்சேன்.

உங்க அண்ணன் நல்லா வாசிப்பார். இன்ஸ்டிட்யூட் முழுக்கக் கை தட்டும். வீட்டுக்கு வந்து, "உன் சரக்கை வித்துட்டு வந்துட்டேன் ராசாத்தி"ன்னு சொல்வார். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டார். நானும் சொன்னதில்லை. சொல்றதுக்கு என்ன இருக்கு? எனக்கு அகலக்கை சரியா எட்டாது, அவருக்கு எட்டும். அவருக்குப் பாட்டுக் கட்ட வாய் வராது. ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு ஆள்.

மார்ச் 31 சனிக்கிழமை வருஷப் பூசை. பொன்மலைக் கோயில்ல சொல்லி வச்சிட்டேன். தவக்காலம்னாலும் அன்னிக்கு மணி அடிப்பாங்களான்னு சாமியார்கிட்ட கேட்டேன். அடிப்பாங்களாம். இப்பவே லீவு கேளுங்க. கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.

வர்றப்ப ஒரு செட் கம்பி வாங்கிட்டு வாங்க. உங்க அண்ணன் கிட்டார்ல ரெண்டாவது கம்பி அறுந்து போச்சு. அது சும்மா கிடக்கலை.

உங்க பழைய கிட்டார் ஆணியில தொங்குது. பூசை முடிஞ்சு இங்க வந்து அதை எடுத்துக்கோங்க. படிக்கட்டு, ரெட்டைக்காளை, கட்டை, அகலக்கை, இந்த நாலை மட்டும் போடுங்க. நிதானமா, நிறுத்தாம. நீங்க சோலோ எடுக்க வேண்டாம்.

இருசம்மாள் அக்காகிட்ட இப்பவே சொல்லிட்டேன், அன்னிக்கு ஒரு நாள் கம்பிக்கு அடியில துண்டு வைக்க மாட்டேன்னு.

வழி பாத்துக்கிட்டு இருக்கும்,
அண்ணி ராசாத்தி